பினாங்கில் கேமரா பிடித்த ஜான் தாம்சன்: அவரிடம் தொழில் பழகிய இரண்டு மதராஸ்காரர்கள்

ஜார்ஜ்டவுன்: சனி, ஞாயிறு வந்துவிட்டால் நம் கல்யாண மண்டபங்களில் கழுத்தில் இரண்டு கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடியாடும் இளைஞர்களைப் பார்க்கிறோம். பரிசம், நலுங்கு, காதுகுத்து, அரங்கேற்றம், தைப்பூச ரத ஊர்வலம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்று எல்லாவற்றுக்கும் அவர்கள் வேண்டும். பலருக்குச் சொந்த ஸ்டுடியோ கிடையாது. மாதச் சம்பளமும் கிடையாது. கூப்பிட்டால் போகிறார்கள், எடுக்கிறார்கள், வாங்குகிற கூலியில் அடுத்த லென்ஸ் வாங்குகிறார்கள். குடும்பத்தில் பெரியவர்கள் இன்னமும் இதை ஒரு நிரந்தரத் தொழிலாக ஒப்புக்கொள்வதில்லை.

இதே ஊரில் 160 ஆண்டுகளுக்கு முன்பு இதே பிழைப்பைச் செய்தவர் ஜான் தாம்சன். ஸ்காட்லாந்துக்காரர். ஆசியாவை உலகுக்குக் காட்டிய ஆரம்பகாலப் புகைப்படக் கலைஞர்களில் தலையாயவர் என்று வரலாற்றாசிரியர்கள் அவரை மதிக்கிறார்கள். சயாம் மன்னரையும், கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலையும், சீனாவின் மந்திரிகளையும், லண்டன் தெருவோர ஏழைகளையும் படம் பிடித்தவர். அந்தப் பெரும் பயணத்தின் தொடக்க காலத்தில், ஏறக்குறைய பத்து மாதங்களை அவர் பினாங்கிலும் அக்கரையிலும் கழித்தார். அப்போது அவருக்குக் கைகொடுத்தவர்கள் நம்மவர்கள் இருவர். அதனால்தான் அவருடைய கதை நமக்கும் வேண்டிய கதையாகிறது.

புகையிலைத் தொழிலாளியின் மகன்

தாம்சன் 1837ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி எடின்பரோ நகரில் பிறந்தார். அப்பா வில்லியம் தாம்சன் புகையிலை திரிக்கும் தொழில் செய்தவர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள், இவர் எட்டாவது. பெரிய படிப்புக்கு வசதியில்லை. பதின்ம வயதிலேயே கண்ணாடி வில்லைகளும் அறிவியல் கருவிகளும் செய்யும் ஒரு பட்டறையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள்.

பகலில் பட்டறை, மாலையில் படிப்பு. உழைக்கும் மக்களுக்காக நடத்தப்பட்ட வாட் கல்வி நிலையத்தின் மாலை வகுப்பில் சேர்ந்து இயற்பியலும் கணிதமும் வேதியியலும் படித்துச் சான்றிதழ் பெற்றார். அந்த வேதியியல்தான் பின்னாளில் அவருக்குச் சோறு போட்டது. அன்றைய புகைப்படத் தொழிலில் பாதி கேமரா என்றால் மீதி இரசாயனம். ஃபிலிம் சுருள் கடையில் விற்காத காலம். படத்தைப் பதிவு செய்யும் பரப்பை, ஒவ்வொரு படத்துக்கும், புகைப்படக்காரரே தம் கையால் தயாரிக்க வேண்டும்.

அவருடைய அண்ணன் வில்லியம் முன்னரே சிங்கப்பூருக்கு வந்து, கடிகாரத் தொழிலும் புகைப்படத் தொழிலும் செய்துகொண்டிருந்தார். 1862ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜான் தாம்சனும் எடின்பரோவை விட்டுக் கப்பலேறினார். சகோதரர்கள் இருவரும் சேர்ந்து, கப்பல்களுக்கான காலமானிகளையும் கடல் கருவிகளையும் செய்து பழுதுபார்க்கும் தொழிலை நடத்தினார்கள். கூடவே புகைப்பட ஸ்டுடியோவும் நடந்தது. துறைமுக நகரில் இரண்டுக்கும் வாடிக்கையாளர் ஒருவரே. கரை இறங்கும் கப்பல் தலைவருக்குக் கடிகாரம் சரியாக ஓட வேண்டும். ஊரில் இருக்கும் மனைவிக்கு அனுப்பத் தம் முகமும் ஒரு தாளில் வேண்டும்.

அந்தக் காலத்தில் சீட்டுப் படம் என்று சொல்லத்தக்க ஒரு வகைப் படம் உலகமெங்கும் பரவியிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவு, பின்னால் கனமான அட்டை. 1854இல் பாரிஸ் நகரின் டிஸ்டேரி என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல படங்களை எடுக்க முடிந்ததால் விலை குறைந்தது. கடிதத்தோடு சேர்த்துத் தபாலில் போடலாம். வியாபாரிகளும் அதிகாரிகளும் டஜன் கணக்கில் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பினார்கள். ஓவியரை உட்கார வைத்துப் படம் வரைய வசதியில்லாதவர்களுக்கும் சொந்த முகம் ஒரு தாளில் கிடைத்தது.

அன்றைய பினாங்கு

1862ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தாம்சன் பினாங்குக்கு வந்தார். 1863 வரை, தீவிலும் எதிரே இருந்த வெல்லஸ்லி மாகாணத்திலும், அதாவது இன்றைய செபராங் பிறையிலும் தங்கித் தொழில் செய்தார். அப்போது அவருக்கு 25 வயது.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் அந்நாளில் இந்தியாவிலிருந்து ஆளப்பட்டன. 1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதிதான் அவை லண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறின. மதராஸ் கரைக்கும் பினாங்குக்கும் இடையே ஆள் போக்குவரத்து அதற்கும் வெகு காலம் முன்பே நடந்துகொண்டிருந்தது. தாம்சன் நடந்த தெருக்களில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருந்தது. குவீன் தெருவின் மகா மாரியம்மன் கோயில் கட்டி முப்பது ஆண்டுகள் நெருங்கிக்கொண்டிருந்தன. நகரத்தார் தண்ணீர்மலைச் சாலையில் எழுப்பிய கோயிலுக்கு ஐந்து வயதுதான் ஆகியிருந்தது. சுலியா தெருவில் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கடைகள் இருந்தன. துறைமுகத்தில் படகோட்டிகளாகவும் சுமை தூக்குவோராகவும் நம்மவர்கள் இருந்தார்கள்.

அக்கரையில் நிலைமை வேறு. ரப்பர் மரம் இந்த மண்ணுக்கு வருவதற்கு முந்திய காலம் அது. வெல்லஸ்லி மாகாணத்தில் கரும்புதான் ராஜா. பத்து காவான், நிபோங் திபால் வட்டாரங்களில் கரும்புத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. சீனத் தொழிலாளிகளோடு, தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் அங்கே வெட்டினார்கள், சுமந்தார்கள், ஆலையில் காய்ச்சினார்கள். நம் தோட்டப்புற வரலாறு ரப்பரோடு தொடங்கியதாகப் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது இந்தக் கரும்புக் காட்டிலேயே தொடங்கிவிட்டது.

இந்த ஊரில்தான் தாம்சன் கேமராவைத் தூக்கினார். ஐரோப்பியர்களுக்கு உருவப்படம் எடுத்துச் சம்பாதித்தார். ஓய்ந்த நேரத்தில் தெருவுக்கும் தோட்டத்துக்கும் போய் உள்ளூர் மக்களையும் இயற்கைக் காட்சிகளையும் எடுத்தார். முன்னது வயிற்றுக்கு, பின்னது மனதுக்கு. இன்றும் கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதித்து, மிஞ்சிய நேரத்தில் விருப்பமான படங்களை எடுக்கும் நம் பையன்கள் செய்வது இதைத்தான்.

மதராஸ்காரர்கள் இருவர்

புகைப்பட வேலையை ஒருவரே செய்ய முடியாது. இருட்டறையில் உதவவும் படங்களைத் தாளில் அச்சிடவும் ஆள் வேண்டும். தாம்சன் முதலில் சீனர்களைத்தான் எதிர்பார்த்தார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். மனிதக் கை படாமல் ஓர் உருவத்தை அப்படியே பிடித்து வைப்பது ஏதோ பேய்வேலை என்று ஒதுங்கினார்கள். அப்போது அவரிடம் வேலை பழகியவர்கள் மதராஸ்காரர்கள் இருவர். அவர்களைப் படம் அச்சிடுவதில் கைதேர்ந்தவர்களாகவும் நல்ல உதவியாளர்களாகவும் பழக்கி எடுத்ததாக, 1875இல் வெளியிட்ட தம் பயண நூலில் தாம்சன் எழுதியிருக்கிறார்.

அவர்களை அவர் அக்காலத்து வழக்கப்படி கிளிங் என்றே குறிப்பிட்டார். இன்று அந்தச் சொல் நம்மைப் புண்படுத்தும் சொல். அன்று பள்ளிவாசலின் பெயரிலும் அரசாங்க ஏட்டிலும் அது சாதாரணமாகப் புழங்கியது. மதராஸ் மாகாணத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதால், அந்த இருவரும் தமிழ் பேசியவர்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் தாம்சனின் அந்தக் குறிப்பில் அவர்களுடைய பெயர்கள் இல்லை.

அவர்கள் செய்த வேலை என்ன என்று தெரிந்துகொண்டால் அந்தப் பெயரில்லாத குறை நமக்கு உறைக்கும்.

ஒரு படம் எடுக்க எவ்வளவு பாடு

அன்றைய முறைக்கு ஈரக் கொலோடியன் முறை என்று பெயர். ஈதரும் சாராயமும் கலந்த கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஒரே சீராக ஓடும்படி சாய்க்க வேண்டும். கை சற்று நடுங்கினாலும் படத்தில் அலை விழும். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தகட்டை முக்க வேண்டும். அப்போதுதான் அது ஒளிக்குக் கூசும் தகடாகிறது. ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடி, கரைசல் ஊற்றிப் படத்தை வெளிக்கொணர்ந்து, கழுவி, நிலைப்படுத்தி, வார்னிஷ் பூச வேண்டும். எல்லாம் சில நிமிடங்களில் முடிய வேண்டும்.

குளிர்நாட்டில் உருவான இந்த முறை நம் வெயிலில் படுத்தும் பாடு தனி. ஈதர் வெப்பத்தில் பறந்துவிடும், தகடு சீக்கிரம் காய்ந்துவிடும். புழுதியும் பூச்சியும் ஈரத் தகட்டில் ஒட்டும். கழுவும் தண்ணீர் சுத்தமாக இல்லாவிட்டால் கறை விழும். வெளியூரில் எடுப்பதென்றால் இருட்டறையையே கூடாரமாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மரக் கேமரா, முக்காலி, கண்ணாடித் தகடுப் பெட்டிகள், மருந்துப் புட்டிகள், தண்ணீர் என்று பல ஆள் சுமை. அந்தக் கூடாரத்துக்குள் அடைந்த ஈதர் ஆவியில், வெயில் நேரத்தில் வேலை செய்வது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெள்ளி நைட்ரேட் பட்ட விரல்கள் கறுத்துப்போய் நாள் கணக்கில் அப்படியே இருக்கும்.

தகட்டில் கிடைத்தது நெகட்டிவ்தான். அதை வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் படமாக்குவது அச்சிடுபவரின் வேலை. முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளை வெள்ளிக் கரைசலில் மிதக்கவிட்டு, இருட்டில் உலர்த்தி, நெகட்டிவோடு சட்டத்தில் பொருத்தி, வெயிலில் வைக்க வேண்டும். மேகம் வந்தால் நேரம் கூடும், உச்சிவெயிலில் குறையும். சட்டத்தின் பின்பக்கத்தைப் பாதி திறந்து, படம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பிறகு தங்கக் கரைசலில் நிறம் ஏற்றி, நிலைப்படுத்தி, வெகுநேரம் தண்ணீரில் அலசி, உலர்த்தி, அட்டையில் ஒட்ட வேண்டும். சரியாக அலசாத படம் சில ஆண்டுகளில் மஞ்சளித்து மங்கிவிடும்.

வெள்ளியும் தங்கமும் செலவாகும் இந்த வேலையில் ஒவ்வொரு தவறுக்கும் விலை உண்டு. கைதேர்ந்தவர்கள் என்று முதலாளியே எழுதும் அளவுக்கு அந்த இருவரும் இதைக் கற்றுக்கொண்டார்கள். பினாங்கில் புகைப்படத் தொழில் பழகிய நம் மக்களில் நமக்குத் தடயம் கிடைக்கும் மிகப் பழையவர்களில் அவர்கள் இருவரும் அடங்குவர். பினாங்கில் தாம்சன் பெயரில் விற்ற படங்களில் அவர்களுடைய உழைப்பும் கலந்திருந்தது.

புயலும் மன்னரும்

1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டனர். ஹூக்ளி ஆற்றில் நின்ற கப்பல்கள் கரையில் தூக்கி வீசப்பட்டன. அந்த ஆண்டு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் சென்றிருந்த தாம்சன் அந்த அழிவைப் படமாக்கினார். நடந்த சம்பவத்தை உடனே போய்ப் பதிவு செய்வது அந்த நாளில் எளிதல்ல. அசைவதைப் பிடிக்க அன்றைய தகட்டால் முடியாது. புயலை எடுக்க முடியாது, புயல் விட்டுச்சென்றதைத்தான் எடுக்க முடியும்.

1865இல் சிங்கப்பூர் ஸ்டுடியோவை விற்றுவிட்டு சயாமுக்குப் போனார். செப்டம்பர் மாதம் பாங்காக் சென்று சேர்ந்தார். மன்னர் மோங்குட் அவருக்குப் பேட்டி கொடுத்தார். நம் பக்கத்து மாநிலமான கெடா அந்நாளில் சயாமுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால், அது எவ்வளவு பெரிய அரண்மனை என்று புரியும். படம் எடுக்கும் நாளில் மன்னர் முதலில் வெள்ளை உடையில் வந்தார். முழந்தாளிட்டு வழிபடும் கோலத்தில் எடுப்பதாகப் பேச்சு. தாம்சன் எல்லாவற்றையும் தயார் செய்த பிறகு மன்னர் மனம் மாறி உள்ளே போனார். திரும்பி வந்தபோது பிரெஞ்சுப் படைத்தளபதியைப் போன்ற உடையில் இருந்தார். மாப்பிள்ளை பட்டுவேட்டியில் வந்து நின்றுவிட்டு, திடீரென்று கோட்டு மாற்றி வருகிறேன் என்று உள்ளே போவதை அனுபவித்த நம் புகைப்படக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. தாம்சன் பொறுமையாகக் காத்திருந்து எடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் மோங்குட்டின் புகழ்பெற்ற படங்களாக இருக்கின்றன.

மன்னரின் அனுமதியோடு 1866ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் கம்போடியாவுக்குப் புறப்பட்டார். பிரிட்டிஷ் தூதரகத்தைச் சேர்ந்த கென்னடி என்பவர் உடன் சென்றார். ஆற்றிலும் காட்டிலும் நெடுந்தூரம். வழியில் தாம்சனைக் காட்டுக் காய்ச்சல் பிடித்தது. உயிர் தப்பி அங்கோர் போய்ச் சேர்ந்தார். அங்கோர் வாட் கோயிலை முதன்முதலாகப் புகைப்படமாக எடுத்தவர் அவர் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. கோபுரங்களை மட்டுமல்ல, சுவர்களில் செதுக்கப்பட்ட புராணக் காட்சிகளையும் எடுத்தார். இராமாயணமும் மகாபாரதமும் பாற்கடல் கடைந்த கதையும் அந்தச் சுவர்களில் இருக்கின்றன. நடுக்கோபுரம் மேரு மலையைக் குறிப்பது என்பதை அவர் அப்போதே கவனித்து எழுதினார்.

நாடு திரும்பி 1867இல் கம்போடியாவின் தொன்மைகள் பற்றிப் படங்களோடு நூல் வெளியிட்டார். அரச புவியியல் கழகம் அவரை உறுப்பினராக்கிக் கொண்டது. புகையிலைத் தொழிலாளியின் மகன் முப்பது வயதுக்குள் எட்டிய இடம் அது.

சீனத்தில் கல்லடி

1867இல் மீண்டும் கிழக்கே வந்து, 1868இல் ஹாங்காங்கில் ஸ்டுடியோ தொடங்கினார். அதே ஆண்டு இசபெல் பெட்ரியைத் திருமணம் செய்தார். 1869இல் விக்டோரியா மகாராணியின் மகன் எடின்பரோ கோமகன் ஹாங்காங் வந்தபோது, அந்த வரவேற்பைப் படமாக்கும் வாய்ப்பு தாம்சனுக்குக் கிடைத்தது. இன்றைய மொழியில் சொன்னால் நிகழ்ச்சிப் படப்பிடிப்பு. அதில் கிடைத்த பெயர் வாடிக்கையாளர்களைக் கூட்டியது.

1870இல் இசபெல் பிரிட்டனுக்குத் திரும்பினார். தாம்சன் தனியே தொடர்ந்தார். 1871இல் மருத்துவ மதபோதகர் மேக்ஸ்வெல்லோடு தைவான் தீவின் உட்பகுதிக்குப் போனார். புசௌ, பெக்கிங் என்று சுற்றினார், யாங்சி ஆற்றில் மேல்நோக்கிப் பயணம் செய்தார். இளவரசர் குங், லீ ஹோங்சாங் போன்ற பெரும் அதிகாரிகள் அவர் கேமரா முன் அமர்ந்தார்கள். சவரத் தொழிலாளி, நடைபாதை வியாபாரி, படகுப் பெண், காவல்காரர் ஆகியோரும் அமர்ந்தார்கள்.

எல்லா இடத்திலும் வரவேற்பு இல்லை. கேமரா உயிரை உறிஞ்சும், படம் எடுக்கப்பட்டவர் விரைவில் இறந்துவிடுவார் என்ற பயம் பல ஊர்களில் இருந்தது. நம் பினாங்கு தியோசியு மக்களின் பூர்வீக ஊரான சாவோசோவில், விடியற்காலையில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. கேமராவின் கூர்மையான முக்காலியைத் தற்காப்புக்குப் பிடித்துக்கொண்டு படகில் ஏறித் தப்பினார். அந்தப் பயத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்குவதும் சரியல்ல. அபின் போரில் பீரங்கியோடு வந்த வெள்ளையரைப் பார்த்த தென்சீனக் கரையோர மக்கள், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எதையோ குறிபார்க்கும் இன்னொரு வெள்ளையரை நம்பாததில் வியப்பில்லை.

இங்கே தாம்சனின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் தம் காலத்து பிரிட்டிஷ்காரர். மக்களை இன்ன இனம், இன்ன வகை என்று பிரித்துக் காட்டும் அன்றைய வழக்கம் அவருடைய எழுத்தில் நிறைய இருக்கிறது. அதிகாரியின் படத்துக்குக் கீழே பெயர் இருக்கும், கூலியின் படத்துக்குக் கீழே கூலி என்றே இருக்கும். பினாங்கின் இரண்டு மதராஸ்காரர்களின் பெயர் விடுபட்டதும் இந்த வழக்கத்தில்தான். ஆனால் படத்தைப் பார்த்தால் அந்த முகங்களில் கண்ணியம் குறையவில்லை. எவரையும் கேலிப்பொருளாக அவர் நிறுத்தவில்லை. எழுத்தில் இருந்த ஏற்றத்தாழ்வு அவருடைய கேமராவில் குறைவாகவே தென்படுகிறது.

1872இல் பிரிட்டன் திரும்பி, 1873 - 74இல் சீனாவையும் அதன் மக்களையும் பற்றி நான்கு தொகுதிகளாக, 200 படங்களோடு நூல் வெளியிட்டார். 1875இல் மலாக்கா நீரிணை, இந்தோசீனா, சீனா பற்றிய பயண நூல் வந்தது. பினாங்கும் வெல்லஸ்லி மாகாணமும் இடம்பெறுவது அதில்தான்.

லண்டன் தெரு

ஊருக்குத் திரும்பிய பிறகு தாம்சன் சும்மா இருக்கவில்லை. 1877இல் எழுத்தாளர் அடால்ஃப் ஸ்மித்தோடு சேர்ந்து, லண்டன் தெருவோர வாழ்க்கையைப் பற்றி மாதந்தோறும் பகுதி பகுதியாக ஒரு வெளியீட்டைக் கொண்டுவந்தார். பூ விற்கும் பெண்கள், பழைய சாமான் வியாபாரிகள், நாடோடிகள், காலணி துடைப்பவர்கள், தேம்ஸ் ஆற்று வெள்ளத்தில் வீடு நனைந்தவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். படமும் அவர்களுடைய கதையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அதில் ஒரு படம் உலகப்புகழ் பெற்றது. ஏழைகள் விடுதியின் படிக்கட்டில் வயதான ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு கைக்குழந்தை. அது அவருடைய குழந்தை அல்ல. தாய் காப்பிக்கடையில் வேலைக்குப் போயிருக்கிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலி, ஒரு குவளைத் தேநீரும் கொஞ்சம் ரொட்டியும். அந்தப் பெண் ஒரு தையல்காரரின் விதவை. லயத்து வீடுகளில் விடியற்காலை பால்மரம் வெட்டப் போன தாய்மார்களின் பிள்ளைகளை மடியில் வைத்திருந்த ஆயாக்கொட்டகைப் பாட்டிகளை அறிந்தவர்களுக்கு, அந்தப் படத்தைப் பார்த்தால் மனம் கலங்கும்.

சமூக ஆவணப் புகைப்படம் என்று இன்று கல்லூரிகளில் கற்பிக்கப்படும் துறைக்கு முன்னோடி நூல்களில் ஒன்றாக அது போற்றப்படுகிறது. ஆசியத் தெருக்களில் பழகிய கண்தான் தம் சொந்த ஊரின் ஏழைகளையும் பார்த்தது.

1878இல் பிரிட்டனின் கைக்கு வந்த சைப்ரஸ் தீவுக்குச் சென்று படங்கள் எடுத்தார். பிறகு மீண்டும் ஸ்டுடியோ. பிள்ளைகள் ஆறு பேர், குடும்பம் நடக்க வேண்டும். லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைச் சாலையில் தொடங்கி, பின்னர் வசதியானவர்கள் வாழும் மேஃபேர் பகுதிக்கு மாறினார். 1881இல் அரச குடும்பத்தின் புகைப்படக்காரர் என்ற பட்டம் கிடைத்தது. சிங்கப்பூரில் கப்பல் தலைவர்களை உட்கார வைத்து எடுத்தவர், இப்போது பிரபுக்களை உட்கார வைத்து எடுத்தார். புகழ் என்னதான் வந்தாலும் அடுப்பு எரிந்தது உருவப்படத்தால்தான்.

1886 முதல் அரச புவியியல் கழகத்தில், பயணம் போகிறவர்களுக்குப் புகைப்படக் கலையைக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் இசபெல்லா பேர்டும் ஒருவர். 1879இல் மலாயாவில் பயணம் செய்து, 1883இல் இந்த மண்ணைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதிய அதே அம்மையார். பினாங்கில் இரண்டு மதராஸ்காரர்களோடு தொடங்கிய அவருடைய ஆசிரியர் வேலை, முதுமை வரை நீடித்தது.

கண்ணாடித் தகடுகள்

1910 வாக்கில் தாம்சன் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். ஆசியாவில் எடுத்த கண்ணாடி நெகட்டிவ்களை அரை நூற்றாண்டுக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார். கப்பலில் வந்தவை, வீடு மாறியவை, கை தவறினால் நொறுங்கக்கூடியவை. 1920இல், மருத்துவ வரலாற்றுப் பொருள்களைச் சேகரித்து வந்த ஹென்றி வெல்கமுக்குக் கடிதம் எழுதி, அவற்றை விற்க விரும்புவதாகத் தெரிவித்தார். 1921இல் தாம்சன் தம் 84ஆவது வயதில் மாரடைப்பால் காலமானார். அவர் மறைந்த பிறகு சுமார் 700 தகடுகள் வெல்கம் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்தன.

அங்கே அவை பல காலம் பெரிதாகக் கவனிக்கப்படாமல் இருந்தன. பிறகு உலகம் விழித்துக்கொண்டது. இன்று அவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். கண்ணாடித் தகட்டில் நுணுக்கம் அதிகம் என்பதால், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினாலும் முகத்தின் சுருக்கம் வரை தெரிகிறது. சீனாவிலும் பாங்காக்கிலும் லண்டனிலும் கண்காட்சிகள் நடந்தன. லண்டன் ஸ்ட்ரெதம் இடுகாட்டில் சிதைந்து கிடந்த அவருடைய கல்லறை 2019இல் புதுப்பிக்கப்பட்டது. அவருடைய சீன, சயாம் படங்கள் அறியப்பட்ட அளவுக்குப் பினாங்குப் படங்கள் நம் மக்களிடையே அறியப்படவில்லை.

நம் வீட்டு அலமாரியில்

ஒருவருடைய படங்கள் நூற்றாண்டு கடந்து நிற்க மூன்று காரியங்கள் நடந்திருக்கின்றன. அவர் நெகட்டிவை வைத்திருந்தார். எங்கே, யாரை, எப்போது எடுத்தோம் என்று எழுதி வைத்தார். கடைசியில் பொறுப்பான ஓர் இடத்தில் அவை போய்ச் சேர்ந்தன. எழுதாமல் விட்ட இடத்தில்தான் நம் இரண்டு மதராஸ்காரர்கள் பெயரில்லாமல் போனார்கள்.

நம் வீடுகளிலும் இதே நிலைமைதான். தோட்டத்தில் கோயில் திருவிழாவுக்கு எடுத்த படம், அடையாள அட்டைக்காகப் பாட்டி முதன்முதலாக நின்ற படம், சங்கக் கூட்டத்தில் தாத்தா மூன்றாவது வரிசையில் நிற்கும் படம் எல்லாம் பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்துக்கு மாறியபோது பல படங்கள் குப்பைக்குப் போயின. மிஞ்சியவற்றில் இருப்பவர்கள் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருக்கிறார்கள்.

எனவே வாசகர்கள் ஒரு காரியம் செய்யலாம். அடுத்த முறை பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது அந்த டின்னை எடுத்து அவர்கள் முன் வையுங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன விசேஷம் என்று கேளுங்கள். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் கறைபடும். படங்களை ஈரமில்லாத இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் வையுங்கள். கைப்பேசியிலாவது ஒரு நகல் எடுத்து, குடும்பத்தில் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள்.

புகைப்படத் தொழிலில் இருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு கல்யாணமும் கோயில் விழாவும் நம் சமூகத்தின் பதிவு. வாடிக்கையாளருக்குக் கொடுத்ததும் கோப்பை அழித்துவிடாதீர்கள். ஊர், தேதி, நிகழ்ச்சி விவரத்தோடு இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். உங்களோடு விளக்குப் பிடித்தவர், இரவெல்லாம் கண்விழித்து ஆல்பம் வடிவமைத்தவர் ஆகியோரின் பெயரையும் அந்த விவரத்தில் சேருங்கள். 1862இல் வெயிலில் அச்சுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இருவருக்குக் கிடைக்காதது அவர்களுக்காவது கிடைக்கட்டும்.